அகக்கண் என்னும் சாக்கு

ஓவியக் கண்காட்சித் திறப்பு விழா எந்த ஊரில் நடந்தாலும், குத்துவிளக்கு ஏற்றியவர் மைக்கைப் பிடித்ததும் ஒரு வாக்கியம் வந்து விழும்: மேலைநாட்டு ஓவியன் கண்ணால் கண்டதை வரைந்தான், நம் ஓவியனோ அகக்கண்ணால் கண்டதை வரைந்தான். கைதட்டலும் கிடைக்கும். இந்த வாக்கியத்துக்குக் கிளைகளும் உண்டு. ஆளை உட்காரவைத்து, பார்த்துப் பார்த்து உருவம் வரைவது பிரிட்டிஷ்காரன் ஓவியப் பள்ளியில் கொண்டுவந்து வைத்த பழக்கம். பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் மலையையும் வயலையும் வரைவது பிரெஞ்சுக்காரனிடம் கற்றுக்கொண்ட பழக்கம். ஆயில் பெயிண்டிங் ரவி வர்மா கொண்டுவந்தது. நம் மரபு என்றால் தியானத்தில் தோன்றிய உருவத்தைச் சுவரில் இறக்குவது மட்டும்தான். இந்தக் கணக்குப்படி, கையும் காலும் வரையத் தெரியாதவன் மரபைக் காப்பாற்றுகிறான். தெரிந்தவன் அந்நியனுக்குத் துணைபோகிறான்.

நான் இருப்பது மேலகரத்தில். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், மேற்கே நிமிர்ந்தால் திரிகூட மலை தெரிகிற ஊர். மனித உருவமும் இந்த மலையும்தான் என் தொழில். சாரல் மாதங்களில் சிற்றாற்றங்கரையில் பலகையோடு உட்கார்ந்தால், படித்த பிள்ளைகள் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "இது வெள்ளைக்காரன் ஸ்டைல்தான சார்?" என்று மரியாதையாகவே கேட்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. மேடையில் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். வருத்தமெல்லாம், சுவர்களைப் போய்ப் பார்க்காமலே அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்.

இந்த வாக்கியத்துக்கு வயது நூற்றுக்குச் சற்று மேல். முதலில் சொன்னவர்கள் சாமானியர்கள் அல்லர். ஒருவர் ஈ.பி. ஹாவெல், 1884 முதல் சில ஆண்டுகள் சென்னை ஓவியப் பள்ளியை நடத்திவிட்டு, 1896இல் கல்கத்தாப் பள்ளிக்குப் போனவர். மற்றவர் ஆனந்த குமாரசாமி. 1877இல் கொழும்பில் ஒரு தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர். இருவரும் 1908 வாக்கில் ஒரே பக்கம் நின்று பேசினார்கள்: இந்தியக் கலைஞன் மாடலைப் பார்த்து வேலை செய்தவன் அல்லன், தியான சுலோகம் சொல்லும் வடிவத்தை மனத்தில் எழுப்பி, அதைக் கல்லிலும் சுவரிலும் கொண்டுவந்தவன்.

அவர்கள் யாருக்குப் பதிலாக இதைச் சொன்னார்கள் என்பதை மறக்கக் கூடாது. 1910இல் லண்டனில் ஒரு கூட்டத்தில், இந்தியாவில் நெடுநாள் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் பேர்ட்வுட், ஜாவாவின் புத்தர் சிலை ஒன்றைக் கொழுப்புப் போட்டு அவித்த களிக்கு ஒப்பிட்டார். இந்தியருக்கு உயர்கலை என்று ஒன்று கிடையாது, நல்ல கைவினை உண்டு, அவ்வளவுதான் என்பது அன்றைய அதிகாரிகளின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை உடைக்க ஹாவெலும் குமாரசாமியும் தேவைப்பட்டார்கள். உடைத்தும் காட்டினார்கள். அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் கட்சிக்காரரைக் காப்பாற்ற வக்கீல் கோர்ட்டில் எடுத்த வாதத்தைக் குடும்ப வரலாறாக எழுதிவைத்துக்கொள்ள முடியுமா? "உங்கள் கிரேக்கச் சிலைபோல எங்களுடையது இல்லை என்கிறீர்கள், நாங்கள் அதற்கு முயலவே இல்லையே" என்றது நல்ல வாதம். அங்கிருந்து ஒரு தாவு தாவி, "நாங்கள் உடம்பைப் பார்த்து வரைந்ததே இல்லை" என்றதுதான் கோளாறு. இந்தியனுக்கு உடம்பைப் பார்க்கத் தெரியாது என்று ஆங்கிலேயன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டு, அதற்கு ஆன்மிகம் என்று பெயர் சூட்டியதுதான் இதில் நடந்தது. இகழ்ச்சி புகழ்ச்சியானதே தவிர, உள்ளே இருக்கிற சரக்கு மாறவில்லை.

அவர்கள் கையில் எடுத்த சாட்சியையும் பார்ப்போம். தெய்வ உருவங்களை வடிப்பதே நன்மை தரும், மனித உருவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நன்மை தராது என்றும், தியானத்தாலன்றி நேரில் பார்ப்பதால்கூட உருவம் கைகூடாது என்றும் சொல்லும் சுக்கிரநீதிசாரம்தான் பெரிய சாட்சி. இது புராதன நூல் என்று எடுத்துக்கொண்டுதான் இருவரும் பேசினார்கள். அதே நூல் துப்பாக்கியைப் பற்றியும் வெடிமருந்தைப் பற்றியும் விலாவாரியாகப் பேசுகிறது! 1962இல் லல்லன்ஜி கோபால் என்ற வரலாற்றாசிரியர் இது 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நூல் என்று வாதிட்டு ஒரு கட்டுரையே எழுதினார். அவர் சொன்ன காலத்தை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு, இருக்கட்டும். சித்தன்னவாசலையும் தஞ்சையையும் வரைந்தவன் இப்படித்தான் வரைந்தான் என்று சொல்ல, பீரங்கிக் காலத்து நூலைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது என்ற அளவில் எனக்குப் போதும்.

ஓவியத்துக்கென்றே இருக்கிற பழைய நூலை ஏன் ஏற்றவில்லை? விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி ஓவியனுக்கு வைக்கிற சோதனைகள் சுவையானவை. காற்றின் போக்கறிந்து அலையையும் தீயையும் புகையையும் கொடியையும் வரையத் தெரிய வேண்டும். தூங்குகிறவனையும் செத்தவனையும் வேறுபடுத்திக் காட்டத் தெரிய வேண்டும். உடம்பு நேராக நிற்பது, சாய்வது, பக்கவாட்டில் திரும்புவது, முதுகு காட்டுவது என்று ஒன்பது நிலைகளைச் சொல்கிறது. இன்ன பருவம், இன்ன பொழுது என்று படத்தில் எப்படித் தெரியவைப்பது என்றும் சொல்கிறது. தூங்குகிறவனுக்கும் பிணத்துக்கும் உள்ள வேறுபாடு எந்தத் தியான சுலோகத்தில் வரும்? விலா எலும்புக்குக் கீழே வயிறு ஏறி இறங்குவதையும், தாடை தொங்கிப்போவதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சித்திரசூத்திரத்தின் ஓர் அத்தியாயத்தை 1932இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அதே ஆனந்த குமாரசாமிதான்.

நூல்களை விடுவோம். ஓவியனுக்குச் சாட்சி சுவர்.

சித்தன்னவாசலின் தாமரைக் குளத்தைப் பாருங்கள். பாண்டியர் காலத்துச் சமணக் குகை; 9ஆம் நூற்றாண்டு. சமண சமயப் பொருள் உள்ள காட்சி என்று அறிஞர்கள் விளக்குவார்கள், சரி. ஆனால் மொட்டும், பாதி விரிந்ததும், முழுதாக மலர்ந்ததும் ஒரே குளத்தில் இருக்கின்றன. இலை நிமிர்ந்தும் மடங்கியும் முதுகு காட்டியும் கிடக்கிறது. பூப்பறிப்பவர்களின் தோல் நிறம் ஒருவருக்கு ஒருவர் வேறு. பறித்த பூவின் தண்டைத் தோளில் சாய்த்துப் பிடித்திருக்கிறான் ஒருவன். அந்தத் தோளைப் பாருங்கள். குளத்தங்கரையில் உட்காராதவனுக்கு இது வராது.

தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில், நாயக்கர் கால வண்ணத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்துகிடப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சுந்தரர் கதை அங்கே இருக்கிறது. ஓலையைக் காட்டி வழக்காடும் கிழவரையும், அதைக் கேட்டுத் திகைக்கும் சபையையும் பார்த்தால், திருநெல்வேலிக் கோர்ட் வாசலில் நிற்கிற முகங்கள் நினைவுக்கு வரும். ஆடுமகளிரில் ஒருத்தி முதுகைக் காட்டி நிற்கிறாள். இடுப்பு ஒரு பக்கம் ஒசிய, முதுகுத்தண்டின் பள்ளம் வளைந்து இறங்குகிறது. தெய்வத்தைத் தியானித்தால் முன்பக்கம்தான் தெரியும்! முதுகை வரைய ஆள் திரும்பி நிற்க வேண்டும். இன்னொன்று தொழில் சம்பந்தப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் இந்தச் சுவரை ஆய்ந்து, ஈரச் சுண்ணத்தின்மேல் வரைந்தது என்று சொன்னார். ஈரச் சுண்ணத்தில் வரைகிறவனுக்கு நேரம் கிடையாது. சுண்ணம் இறுகுவதற்குள் கோடு விழுந்தாக வேண்டும். தவறினால் பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். அப்படி ஓடுகிற கைக்கு, நூற்றுக்கணக்கான முதுகுகளையும் முழங்கைகளையும் வரைந்து வரைந்து ஏறிய பழக்கம் இருந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் கண்ணை மூடிக்கொண்டால் வராது.

எங்கள் பக்கத்துச் சுவர்களுக்கு வருகிறேன். கடையநல்லூர் அருகே திருமலாபுரத்தில் ஒரு பாண்டியர் குடைவரை இருக்கிறது. அதன் கூரையிலும் தூண்களிலும் சித்தன்னவாசல் காலத்தை ஒட்டிய ஓவியத்தின் மிச்சங்கள். உள்ளூர்க்காரர்களே பாதிப் பேர் பார்த்ததில்லை. அம்பாசமுத்திரம் பக்கம் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள் ஏறினால், நிலைக்கு நிலை சுவர் முழுக்க விஜயநகர, நாயக்கர் காலத்து ஓவியங்கள். புராணமும் இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே படை நடக்கிறது, யானை திமிறுகிறது, கப்பலில் குதிரைகள் வந்து இறங்குகின்றன, அரபு வணிகர்கள் தங்கள் உடையில் நிற்கிறார்கள். குதிரை வணிகனுக்குத் தியான சுலோகம் யார் எழுதிவைத்தார்கள்? காயலிலோ வேறு துறைமுகத்திலோ இறங்கியவர்களை யாரோ பார்த்திருக்கிறார்கள். பார்த்ததைக் கை நினைவில் வைத்திருக்கிறது.

பிறகு, குற்றாலத்துச் சித்திர சபை. நடராசருக்கு ஐந்து சபைகள். தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். குற்றாலத்தில் மட்டும் சித்திரம். மற்ற நான்கு ஊர்களில் சபைக்குப் பெயர் கொடுத்தது உலோகமும் மணியும். இங்கே பெயர் கொடுத்தது எங்கள் தொழில். கோயிலை விட்டுத் தள்ளி, தெப்பக்குளத்தின் எதிரே தனியாக நிற்கிற கட்டடம். உள்ளே சுவரில் வரைந்த கூத்தனுக்குத்தான் தீபாராதனை. சுற்றுச் சுவர்களில் சிவனின் திருவிளையாடல்களும் தேவியின் போர்களும் வரிசை வரிசையாக. பிற்காலத்தில் மேலே வண்ணம் பூசிச் செப்பனிட்ட இடங்கள் உண்டு. சில முகங்களைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சல்தான் வரும். ஆனாலும் அடியில் ஓடுகிற கோடு பல இடங்களில் தப்பியிருக்கிறது.

அகக்கண் கட்சிக்காரர்களுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். "பாருங்கள், ஓவியமே தெய்வம், இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?" என்பார்கள். நானும் அந்தக் கூத்தனையே சாட்சிக்கு அழைக்கிறேன். வலது காலை மடித்து முயலகன்மேல் ஊன்றி, இடது காலைக் குறுக்கே தூக்கி, நான்கு கையையும் வீசி நிற்கிற உடம்பு அது. உருவம் வரையப் பழகுகிற எவனும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிற ஒன்று உண்டு: ஒற்றைக்காலில் நிற்கிறவனின் தொண்டைக் குழியிலிருந்து தூக்குநூல் விட்டால், அது ஊன்றிய பாதத்தைத் தேடி வர வேண்டும். வராவிட்டால் ஆள் விழுந்துவிடுவான். இது லண்டன் அகாடமியின் கண்டுபிடிப்பா? ஸ்தபதிகள் பிரம்மசூத்திரம் என்று ஒரு நடுக்கோட்டை இறக்கி, சமபங்கம், ஆபங்கம், அதிபங்கம் என்று உடம்பு அந்தக் கோட்டை விட்டு எவ்வளவு விலகுகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாக அளந்துவருகிறார்கள். கையில் பிடிப்பது அதே தூக்குநூல்தான். உடம்பின் எடை எங்கே இறங்குகிறது என்று பார்க்காதவனுக்கு இந்த அளவு எதற்கு? கூத்தனுக்கு நான்கு கை என்பது கற்பனை. மடங்கிய முழங்காலுக்குமேல் தொடை எப்படி இறுகும் என்பது கற்பனை கிடையாது. ஆடுகிறவளின் காலைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஓவியம் அறிய ஆடல் அறிய வேண்டும் என்று அந்தச் சித்திரசூத்திரமே சொல்கிறதே.

எதிர்த்தரப்பு கேட்கிற நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிக்கொண்டு போக முடியாது. இந்தச் சுவர்களில் கண்ணெல்லாம் கயல்போல ஒரே அச்சில் இருக்கிறதே, முகமெல்லாம் ஒரே கோணத்தில் திரும்பியிருக்கிறதே, தாலமானக் கணக்குப்படிதானே உடம்பை அளந்திருக்கிறார்கள்? ஆமாம். ஐரோப்பிய அகாடமியிலும் மனித உயரம் எட்டுத் தலை என்று கணக்கு வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்கு வைத்திருப்பதாலேயே அவர்கள் பார்க்காதவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. பார்த்தது மறந்துபோகாமல் இருக்கத்தான் கணக்கு. சுவரில் நூறு பேரை வரைய வேண்டிய பட்டறையில், ஆசான் இல்லாத நேரத்திலும் சீடப்பிள்ளை தவறு செய்யாமல் இருக்கக் கணக்கு வேண்டும். தேய்ந்த பட்டறையில் கணக்கு மட்டும் மிஞ்சும். உயிருள்ள பட்டறையில் கணக்குக்கு மேலே ஒரு விரல் அசையும். நம்மிடம் இரண்டு வகைச் சுவரும் இருக்கின்றன. தேய்ந்ததை வைத்து மரபுக்கு இலக்கணம் எழுதியதுதான் தவறு.

மலையை மட்டும் வரைந்த பழைய சுவர் நம்மிடம் இல்லை என்பதும் உண்மை. சுவரோவியத்தில் வருகிற மலை, அடுக்கிவைத்த கொழுக்கட்டைகளைப்போல இருக்கும். நிலக்காட்சியைத் தனிப்பொருளாக எடுத்து நம்மவர் வண்ணத்தில் வரையவில்லை. இதை நான் மறைக்கப் பார்க்கவில்லை. ஆனால் ஐரோப்பியனும் அதைத் தொட்டிலிலிருந்தே செய்யவில்லை. பல நூற்றாண்டுகள் அவன் வெளியில் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து, அறைக்குள் உட்கார்ந்துதான் மலையை வரைந்தான். கான்ஸ்டபிள் 1821, 1822இல் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் மேகங்களை நேரில் வரைந்து, தாளின் பின்னால் நேரத்தையும் காற்றின் திசையையும் எழுதிவைத்தபோது அது புதுமையாகத்தான் இருந்தது. ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் வண்ணத்தைத் தகரக் குழாயில் அடைக்க வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கிய பிறகுதான், ஆயில் வண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவது எளிதாயிற்று. அதற்கு முன்பே சீனத்து ஓவியர்கள் மலைக்குள் அலைந்து மலையை வரைந்திருக்கிறார்கள். ஆக, திறந்த வெளியில் வரைவது எந்த இனத்துக்கும் பிறவிச் சொத்தன்று. வசதியும் தேவையும் வந்த காலத்தில் அவரவர் எடுத்துக்கொண்டது.

நம் பக்கத்து மலையையே பாருங்கள். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேயர் 1792இல் தெற்கே வந்து பாபநாசம் அருவியை வரைந்தார்கள். பிறகு லண்டனில் அச்சிட்ட அவர்களுடைய 144 படங்களில் அதுவும் ஒன்று. நேரில் வந்து வரைந்தவர்கள்தான். ஆனால் கேமரா அப்ஸ்குரா என்ற பெட்டியின் துணையோடு கோடு எடுத்துக்கொண்டு போய், ஊரில் வைத்து முடித்தார்கள். இதைப் பார்த்தறிந்த ஓவியம் என்று கொண்டாடுகிறோம். 1830களில் ராபர்ட் வைட் என்ற மருத்துவர் குற்றாலத்து மலையில் செடி சேகரித்தார். அவருக்குச் செடிகளை வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட பெருந்தொகுப்பில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படத்தகடுகள். பறித்த பூ வாடுவதற்குள் இதழின் மடிப்பையும் தண்டின் மயிரையும் எண்ணி வரைந்த கைகள் அவை. யாரிடமிருந்து வந்தன? பரம்பரை ஓவியக் குடும்பங்களிலிருந்து. பார்க்கத் தெரியாத மரபு இப்படிப்பட்ட கண்ணை ஒரே தலைமுறையில் எங்கிருந்து பெற்றது?

ரவி வர்மா கதையும் இதேபோல்தான் தலைகீழாகச் சொல்லப்படுகிறது. அவர் 1862இல் பதினான்கு வயதுப் பையனாகத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது, அங்கே ஆயில் தெரிந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர். அவர் சொல்லிக்கொடுக்க மறுத்தார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை யாருக்கும் தெரியாமல் உதவினார் என்பது ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகளில் உள்ள செய்தி. அதற்கும் முந்தி, ரவி வர்மாவின் மாமா ராஜராஜ வர்மாவுக்கு ஓவியம் கற்றுத் தந்தவர் சுவாதித் திருநாள் அவையில் இருந்த அளகிரி நாயுடு. அவரும் மதுரைப் பக்கம். ஆக, ரவி வர்மாவின் கிளிமானூர்க் குடும்பத்துக்கே தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள். எங்களுக்குப் பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர்வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர்; அங்குள்ள கணவாய் வழியே மிளகும் மரமும் மட்டும் போய்வரவில்லை.

அடுத்த தலைமுறையில் கோவில்பட்டி கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் தங்கி, சீடர்களை உருவாக்கியவர். அவர்கள் வரைந்த சாமிப் படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக நாடு முழுக்கக் காலண்டராகத் தொங்கின. நம் வீடுகளில் கும்பிடுகிற லட்சுமிக்கும் முருகனுக்கும் முழங்கையில் எலும்பும் கழுத்தில் மடிப்பும் உண்டு. ஓவியப் பள்ளியில் ஆளைப் பார்த்துப் படித்த படிப்பு அது. கும்பிடுகிறவர் யாருக்கும் அது அந்நியமாகத் தெரியவில்லை. சென்னைக் கடற்கரையில் சிற்பி ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. ஒவ்வொரு தசையும் பார்த்து வைத்தது. அதை வெள்ளைக்காரச் சிலை என்று எந்தத் தொழிற்சங்கமும் சொன்னதில்லை. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த சில்பி கோயில் கோயிலாகப் போய், தூணின் முன்னால் உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் சிலையைப் பார்த்து வரைந்தார். சில்பியைவிட மரபில் ஊறிய ஓவியர் யார்? அவர் செய்தது அப்பட்டமான ஸ்பாட் டிராயிங்.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைக் காட்டி எனக்குப் பதில் சொல்லப் பார்ப்பார்கள். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் உருவம் கரைந்து எழுத்தும் கட்டமுமாக ஆகிவிட்டது. அதுதானே நம் மரபுக்குத் திரும்பிய வழி என்பார்கள். அந்த வரிசைமேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதற்கு முன்னால் அவர் நீர்வண்ணத்தில் தென்னையையும் கால்வாயையும் எத்தனை ஆண்டுகள் வரைந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆதிமூலமும் சந்தானராஜும் உருவத்தை உடைத்தார்கள் என்றால், கையில் உருவம் இருந்தது, உடைத்தார்கள். இன்று சிலர் இல்லாத பானையை உடைக்கிறார்கள். பாதம் வரைய வராததால் வேட்டியை நீட்டி மறைத்து, கைவிரல் வராததால் தாமரையைக் கொடுத்து மறைத்து, கண்ணை மட்டும் மீனாக்கிவிட்டு மரபு என்று சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். அகக்கண் என்னும் சாக்கு அதிகம் பயன்படுவது இங்கேதான்.

இன்னொரு பக்கம் போன். வெளியே உட்கார்வானேன், படம் எடுத்து வந்து வீட்டில் ஃபேனுக்கு அடியில் வரையலாமே என்கிறார்கள். குற்றாலப் பேரருவியைப் போனில் எடுத்துப் பாருங்கள். தண்ணீருக்கு ஏற்ப எடுத்தால் பாறை கரியாகிவிடும்; பாறைக்கு ஏற்ப எடுத்தால் தண்ணீர் வெறும் வெள்ளைத் தாள். கண் இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்குகிறது. தண்ணீருக்குள் இருக்கிற பழுப்பையும், ஈரப் பாறையில் தெரிகிற ஊதாவையும். காலையில் வெயில் நேரே மலைமுகத்தில் அடிக்கும்போது ஒவ்வொரு மடிப்பும் தனியாகத் தெரிகிறது. பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கினால் அத்தனையும் ஒரே நீலத் தகடு. சாரல் அடிக்கிற நாளில் வாட்டர்கலர் காய்வேனா என்கும். முதல் வாஷ் காய்வதற்குள் அடுத்த தூறல் வந்துவிடும். அன்றைக்குக் கரியும் கட்டைப் பிரஷும்தான். தொல்லைதான். ஆனால் எந்த மேகம் மலைக்கு முன்னால் போகிறது, எது பின்னால் போகிறது என்று அந்தத் தொல்லையில்தான் தெரிகிறது.

உருவத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. மாடல் கிடைக்கவில்லை என்று பட்டணத்துப் பிள்ளைகள் அலுத்துக்கொள்கிறார்கள். சீசனில் பேரருவிக்கு வாருங்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குந்தியிருக்கிற பெரியவர், அவர் முதுகில் முழங்கையை ஊன்றி அமுக்குகிற மசாஜ்காரர், துண்டைப் பிழிகிற அண்ணாச்சி. அருவிக்கு அடியில் நிற்கிறவன் முழங்காலை விறைப்பாக வைத்து நிற்க முடியாது, தண்ணீர் தள்ளிவிடும். கழுத்தை உள்ளே இழுத்து, பாதத்தை அகட்டி, முழங்காலைத் தளர்த்தித்தான் நிற்கிறான். கூத்தனின் மடங்கிய முழங்காலைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த வரிசை போதும். பெண்கள் குளிக்கிற பக்கம் பலகையைத் திருப்புவதில்லை. அது தொழில் நெறி. ஆண்களிடமும் கேட்டுவிட்டுத்தான் வரைகிறேன். பலரும் முதல் கேள்வியாக, "தொப்பையைக் குறைச்சுப் போடுவீங்களா அண்ணாச்சி?" என்கிறார்கள்.

இதே மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சியின் சட்டகம் முழுக்க மரபு: உலா வருகிற தலைவன், பந்தடிக்கிற தலைவி, குறி சொல்ல வருகிற குறத்தி. தாலமானம்போல அதுவும் ஒரு கணக்குதான். அந்தக் கணக்குக்குள் அவர் வைத்த குரங்கும் அருவியும் வேறு எந்த ஊர்க் குறவஞ்சியிலும் இப்படி இல்லை. அவை இந்த மலையின் குரங்கு, இந்த மலையின் அருவி. முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் அதைக் கேட்டு மகிழ்ந்து கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். அகத்திணை தெரிந்த புலவர் மலையைப் பார்க்காமலே பாடியிருக்கலாமே? பார்த்துப் பாடினார். அவரை எவரும் மரபை விட்டவர் என்று சொல்வதில்லை. சொல்லில் அனுமதிக்கிறதை வண்ணத்தில் ஏன் மறுக்கிறோம்?

பார்வையாளர் தரப்பிலும் சாட்சி இருக்கிறது. பரிபாடலின் 19ஆம் பாடலில், திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்துக்கு வருகிறவர்கள் ஒவ்வோர் உருவத்தையும் சுட்டி, இவர் யார், அவர் யார் என்று கேட்கிறார்கள். காமனும் ரதியும் என்றும், அகலிகை என்றும், இந்திரன் என்றும் கூட வந்தவர்கள் சொல்கிறார்கள். படத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்வது நம் ஊரில் அவ்வளவு பழைய வழக்கம்.

ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குற்றாலத்துக்குச் சுற்றுலா அழைத்துவருகிற பிள்ளைகளை அருவியில் குளிப்பாட்டியதோடு பஸ்ஸில் ஏற்றிவிடாதீர்கள். சித்திர சபை நடக்கிற தூரம்தான். அரை மணி நேரம் உள்ளே நிறுத்தி, ஒரே ஓர் உருவத்தின் இடுப்பையும் காலையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அருவிக்கரைக்குக் கூட்டிவந்து, பென்சிலைக் கையில் கொடுத்து, நிற்கிற ஓர் ஆளை வரையச் சொல்லுங்கள். அடுத்த நாள் வகுப்பில், நம் முன்னோர் கண்ணை மூடிக்கொண்டுதான் வரைந்தார்கள் என்று உங்களால் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.